5-வது செமஸ்டர் தொடங்கியாச்சு... 'டிகிரி முடிச்சுட்டு பாத்துக்கலாம்' என்று இருந்தால் என்ன ஆகும்?

கல்லூரிகள் திறந்தாச்சு. கலை, அறிவியல் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டுக்குள் நுழைபவர்களுக்கு இது 5-வது செமஸ்டர். புது டைம் டேபிள், சீனியர் என்ற கெத்து எல்லாவற்றோடும் சேர்ந்து ஒரு கேள்வியும் வந்துவிடும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்காருவதற்குள் கேட்டுவிடுவார்கள்: "அடுத்து என்ன பண்ணப் போற?"

பலரும் சொல்லும் பதில், "முதல்ல டிகிரி முடிக்கிறேன், அப்புறம் பாத்துக்கலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், டிகிரிக்குப் பிறகுதான் என்று நாம் நினைக்கும் பல படிப்புகளுக்கும் வேலைகளுக்கும் விண்ணப்பிக்கும் தேதி, டிகிரி முடிவதற்கு முன்பே வந்து போய்விடுகிறது. அதனால் இந்த செமஸ்டரில் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை. எது எப்போது, எதற்கு என்ன தகுதி என்று பார்ப்போம்.

டிகிரி இல்லாமலே எழுதக்கூடிய தேர்வு எது?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4. இதற்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு தேர்ச்சிதான். பெரும்பாலான பதவிகளுக்கு 18 வயது போதும். கிராம நிர்வாக அலுவலர் போன்ற சில பணிகளுக்கு 21 ஆகியிருக்க வேண்டும்.

மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். இதில் 100 கேள்விகள் தமிழில் இருந்துதான். அந்தப் பகுதியில் 150-க்கு 60 மதிப்பெண் எடுத்தால்தான் மீதி 100 கேள்விகளைத் திருத்தவே செய்வார்கள். பட்டதாரிகளும் முதுகலை முடித்தவர்களும் எழுதுவதால் போட்டி கடுமையாக இருக்கும். ஆனாலும் கல்லூரியில் இருக்கும்போதே ஒருமுறை எழுதிப் பார்த்தால், நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சுத் தேர்ச்சி வேண்டும். இந்தத் தேர்வை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். கல்லூரி முடிந்து சாயங்காலம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போக நேரம் கிடைப்பது பெரும்பாலும் இந்த ஒரு வருடம்தான்.

இறுதி ஆண்டிலேயே விண்ணப்பிக்கக்கூடியவை எவை?

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்.

ஐஐடிகளில் எம்.எஸ்சி. படிக்க வேண்டும் என்றால் ஜாம் தேர்வு. கணிதம், இயற்பியல், வேதியியல், பொருளாதாரம் உள்ளிட்ட 7 பாடங்களில் நடக்கிறது. தேர்வு பிப்ரவரியில். விண்ணப்பமோ செப்டம்பர், அக்டோபர் வாக்கில், அதாவது 5-வது செமஸ்டரின் நடுவிலேயே வந்துவிடும்.

ஐஐஎம்களில் எம்பிஏ படிக்க கேட் தேர்வு. இதற்கு ஆகஸ்ட், செப்டம்பரில் விண்ணப்பித்து, நவம்பர் கடைசியில் எழுத வேண்டும். உங்கள் செமஸ்டர் தேர்வும் அதே நவம்பரில்தான் இருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி பல்கலைக்கழகம், டெல்லி ஜேஎன்யு போன்ற இடங்களில் முதுகலை சேர க்யூட் பிஜி தேர்வு. சமீப ஆண்டுகளில் டிசம்பர் அல்லது ஜனவரியில் விண்ணப்பம் தொடங்கி, மார்ச்சில் தேர்வு நடக்கிறது. ஏப்ரலில் இறுதித் தேர்வு எழுதிவிட்டு "எங்கே எம்.ஏ. சேரலாம்?" என்று தேடத் தொடங்குபவருக்கு இந்தக் கதவு அந்த வருடம் மூடியிருக்கும்.

யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வுக்கும் இறுதி ஆண்டு மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் தேர்வு நடக்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1 அன்று 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மூன்றாண்டு டிகிரி படிக்கும் பலருக்கு அப்போது 20 வயதுதான் ஆகியிருக்கும். ஸ்டேட் வங்கியின் பிஓ தேர்விலும் இதே நிலைமை. இறுதி செமஸ்டரில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம், குறைந்தபட்ச வயது 21. எனவே உங்கள் பிறந்த தேதியை வைத்து இப்போதே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டிகிரி கையில் இருந்தால் மட்டும்?

டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2, 2ஏ தேர்வுகளுக்கு அறிவிக்கை வெளியாகும் தேதியன்று பட்டத் தகுதி இருக்க வேண்டும். பிற பொதுத்துறை வங்கிகளுக்கு ஐபிபிஎஸ் நடத்தும் பிஓ, கிளார்க் தேர்வுகளுக்கும் பதிவு செய்யும்போதே நீங்கள் பட்டதாரி என்பதற்கான மதிப்பெண் பட்டியலோ சான்றிதழோ வேண்டும். சமீப ஆண்டுகளில் ஐபிபிஎஸ் விண்ணப்பங்கள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வருகின்றன. உங்கள் கடைசி செமஸ்டர் ரிசல்ட்டும் கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் வரும்.

ஒரே ஒரு அரியர் என்ன செய்யும்?

"ஒரு பேப்பர்தானே, அடுத்த தடவை எழுதிக்கலாம்" என்ற பேச்சு முதலாம் ஆண்டில் செல்லும். இப்போது செல்லாது. நவம்பரில் விட்ட பேப்பரை ஏப்ரலில், 6-வது செமஸ்டர் பேப்பர்களோடு சேர்த்து எழுத வேண்டும். அதிலும் போனால் பெரும்பாலும் அடுத்த நவம்பர்தான். சில பல்கலைக்கழகங்கள் இறுதி ஆண்டு மாணவர்களுக்கு உடனடித் துணைத் தேர்வு வைக்கின்றன. எல்லா இடத்திலும் அது கிடையாது. இருந்தாலும் நிபந்தனைகள் உண்டு. உங்கள் பல்கலைக்கழக விதியை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு, பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்க ஆசை. அது அமையாவிட்டால் வங்கி வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிறார். க்யூட் எழுதி இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு பேப்பர் ஏப்ரலிலும் போய்விட்டது. பட்டம் தள்ளிப்போவதால் எம்.ஏ. சேர்க்கை சிக்கலாகும். ஜூலை, ஆகஸ்டில் ஐபிபிஎஸ் விண்ணப்பமும் போட முடியாது. இடையில் குரூப் 2 அறிவிக்கை வந்தால் அதுவும் போச்சு. போனது ஒரு பேப்பர், நகர்ந்தது ஒரு வருடம். வீட்டில் "கல்யாணத்துக்குப் பார்க்கலாமா?" என்று பேச்செடுக்கும் குடும்பங்களில், பெண் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வருடம் திரும்பக் கிடைக்காமலும் போகலாம்.

அதனால்தான் பழைய அரியர் ஏதாவது இருந்தால் அதை இந்த நவம்பரிலேயே முடிப்பதுதான் முதல் இலக்கு. மற்ற இலக்குகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"எனக்கு என்ன பிடிக்கும்னே தெரியலையே?"

பரவாயில்லை. 20 வயதில் வாழ்க்கை முழுவதற்குமான முடிவை எடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு பாதைகளைத் தேர்ந்தெடுத்தால் போதும்: ஒன்று ஆசைப்படுவது, இன்னொன்று கைக்கு எட்டுவது. இரண்டுக்குமான வருடக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் பி.எட். இரண்டு வருடம். 6 முதல் 8-ம் வகுப்பு வரை பாடம் எடுக்க ஆசிரியர் தகுதித் தேர்வும் வேண்டும். பிளஸ் 1, பிளஸ் 2-வுக்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் தேவை. கல்லூரி உதவிப் பேராசிரியர் என்றால் முதுகலைக்குப் பிறகு நெட் அல்லது செட். நெட் எழுத பொதுப் பிரிவினருக்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேசி, எத்தனை வருடம் சம்பளம் இல்லாமல் படிக்க முடியும் என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது.

இந்த செமஸ்டரில் செய்ய வேண்டியவை

* டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு. கட்டணம் 150 ரூபாய், 5 ஆண்டுகள் செல்லும்.
* டிஎன்பிஎஸ்சி வெளியிடும் ஆண்டுத் திட்ட அட்டவணையைப் பார்த்து, தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.
* முழுக்கத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. 2020-ல் வந்த திருத்தத்தின்படி, ஒன்றாம் வகுப்பில் இருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வையுங்கள். கடைசி நேரத்தில் பழைய பள்ளிக்கு அலைய வேண்டியிருக்காது.
* மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி நடக்கிறது. ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.
* 'நான் முதல்வன்' திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு வரும் பயிற்சியை வருகைப் பதிவுக்காக மட்டும் முடிக்காமல், வேலைக்கு உதவும் திறனாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத் தேதிகளும் வயது வரம்புத் தளர்வுகளும் அந்தந்த ஆண்டு அறிவிக்கையைப் பொறுத்து மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் அதை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

அடுத்த கல்யாண வீட்டில் அதே கேள்வி மறுபடியும் வரும். "செப்டம்பர்ல ஒண்ணு அப்ளை பண்றேன், ஜனவரில ஒண்ணு" என்று சொல்ல முடிந்தால், அந்த பதிலே இப்போதைக்கு போதும்.