நின்ற லாரியை எழுப்பிய விதம்



காசியில் விரத நாட்களில் விடுதிச் சமையற்கூடத்தார் ஜவ்வரிசிக் கிச்சடி படைப்பதும், நம்மவர் முகம் சுளிப்பதும் ஆண்டுதோறும் நடப்பவையே. சேலத்துப் பக்கத்து ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஆகும் ஜவ்வரிசி வடநாடெங்கும் வருகிறது என்பதை நம்மில் சிலரே அறிவர். என் அப்பாரு அதை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு 1980-களில் இவ்வூருக்கே பலமுறை வந்திருக்கிறார். தந்தையின் தந்தையைக் கொங்கு நாட்டில் அப்பாரு என்றே அழைப்போம். 2010-இல் சாலை எண்களை மாற்றும் வரை, 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை காசியில் தொடங்கி நாகபுரி, ஐதராபாத், பெங்களூர், சேலம், நாமக்கல் வழியே கன்னியாகுமரியில் முடிந்தது. எங்கள் தோட்டத்து வழியை விட்டு அச்சாலையில் ஏறி வடக்கே விட்டால், வேறு சாலைக்குத் திரும்பாமலே காசி வந்துவிடும் என்பது அப்பாருவின் கணக்கு.

அவர் ஓட்டிய லாரியைப் பற்றியதே இக்கட்டுரை. 1978-இல் வாங்கிய, மூக்கு நீண்ட டாட்டா 1210. ஜாம்ஷெட்பூரில் டாட்டாவும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் 1954-இல் கூடித் தொடங்கிய லாரித் தொழிலின் வழிவந்தது. அந்தப் பதினைந்தாண்டு ஒப்பந்தம் 1969-இல் முடிந்தது. எனினும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் அது இன்றும் 'பென்ஸ் லாரி'தான்.

2006-இல் அப்பாருக்குக் கண்ணில் புரை விழுந்தது. அதே ஆண்டு, வண்டியின் மேல் ஏறிய கடனுக்காக அப்பா ஓர் ஏக்கர் நிலத்தை விற்றார். புளியமரத்தடியில் நிறுத்திய வண்டி பதினெட்டு ஆண்டுகள் அங்கேயே நின்றது. 2024 கோடை விடுமுறைக்கு நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது, பழைய இரும்புக் கடைக்காரர் வந்து விலை பேசிவிட்டுப் போயிருந்தார். அப்பாவுக்குச் சம்மதம். அப்பாரு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. கடைசியில் அப்பா ஒரு தவணை கொடுத்தார்.

"உன்ற லீவு முடியறதுக்குள்ள இஞ்சின் ஓடோணும். ஓடலீன்னா வண்டி போயிரும். அப்பறம் ஆரும் மூஞ்சியத் தூக்கப்படாது."

ஐம்பது நாட்கள் இருந்தன. புதிய பாட்டரி ஒன்றை வாங்கி மாட்டிச் செல்ப் மோட்டாரைச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்பதே எனக்கும் தம்பிக்கும் தோன்றிய முதல் யோசனை. அப்பாருவின் பழைய கூட்டாளியான மெக்கானிக் மாமா அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். காரணத்தைச் சற்று விளக்குகிறேன். நெடுநாள் நின்ற எந்த இயந்திரத்துக்கும், உங்கள் வீட்டுக் கொட்டகையில் கிடக்கும் டீசல் பம்புசெட்டுக்கும்கூட, இது பொருந்தும்.

இயந்திரம் நிற்கும்போது அதன் வால்வுகளிற் சில திறந்த நிலையிலேயே நின்றுவிடுகின்றன. அவ்வழியே ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஈரக்காற்று சிலிண்டருக்குள் புகுகிறது. ஓடிய காலத்தில் சிலிண்டர்ச் சுவரில் படிந்திருந்த எண்ணெய் மெல்ல வழிந்து இறங்கிவிடுகிறது. வெறும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் துரு. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் அத்துருவால் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன. செல்ப் மோட்டாரோ சிறிய பற்சக்கரத்தால் பெரிய சக்கரத்தைத் தள்ளுவது. அதன் பலம் முரட்டுப் பலம். ஒட்டிய பிஸ்டனை அது உலுக்கினால் ரிங் உடையலாம். சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் கேடு இன்னும் பெரிது. காற்றைப்போல் தண்ணீர் சுருங்காது ஆகையால், பிஸ்டனைத் தாங்கும் கனத்த ராடே வளைந்துவிடும். அதன்பின் இரும்புக் கடைக்காரர் சொன்னதே விலை.

ஆகவே பாட்டரியை மறந்தோம். ஆறு நாசில்களையும் கழற்றி, அந்தத் துளைகள் வழியே டீசலும் இஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றினோம். நாள்தோறும் காலையில் இயந்திரத்தின் முன்பக்கத்து நட்டில் நீண்ட ஸ்பானரைப் பூட்டிச் சிறிது அழுத்துவது. பிறகு எதிர்ப்பக்கம் சிறிது அழுத்துவது. தொங்கக்கூடாது, குழாய் சொருகி நெம்பக்கூடாது என்பது மாமாவின் உத்தரவு. பத்து நாட்கள் மலையை அழுத்துவது போலிருந்தது. அப்பாருக்குக் காது மந்தமாகிவிட்டது. ஆகையால் உள்ளங்கையை இயந்திரத்தின் மேல் வைத்துக்கொண்டு நிற்பார். பதினோராம் நாள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்தான், "அசையுது கண்ணு" என்றார். நூலளவு அசைந்திருந்தது. மறுநாள் கால் சுற்று. நான்காம் நாள் முழுச் சுற்று.

அடுத்த வேலைகளை விரித்தால் இதழில் இடம் போதாது. அடித்தொட்டியின் திருகைத் திறந்தபோது எண்ணெய்க்கு முன் தண்ணீர் வந்தது. ரேடியேட்டரில் ஓணான் குடியிருந்தது. ஒயர்களை எலி தின்றிருந்தது. டீசல் தொட்டியின் அடியில் கறுத்த கூழ்; டீசலுக்கு அடியில் தங்கும் நீரில் நுண்ணுயிர்கள் பெருகி அவ்வாறு ஆகும் என்பதை உயிரியல் பயிலும் நண்பர்கள் அறிவார்கள். தொட்டியை இறக்கிக் கழுவி, வடிகட்டிகளைப் புதிதாக மாற்றினோம்.

என் பிழை டீசல் பம்பில் நேர்ந்தது. பெட்ரோல் இயந்திரத்தைச் சாவியால் நிறுத்தலாம். தீப்பொறி நின்றால் இயந்திரம் நிற்கும். டீசல் இயந்திரத்தில் தீப்பொறியே கிடையாது. காற்றைப் பதினைந்து மடங்குக்கும் மேலாக அமுக்க, அது கொதித்துச் சூடேறுகிறது. அதில் பீச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. எனவே டீசலை நிறுத்தினால்தான் இயந்திரம் நிற்கும். எவ்வளவு டீசல் போகவேண்டும் என்பதைப் பம்புக்குள் முன்னும் பின்னும் நகரும் பற்கள் வெட்டிய தண்டு ஒன்று தீர்மானிக்கிறது. பழைய டீசல் பிசினாக இறுகி அத்தண்டு முழு அளவில் சிக்கிக்கொண்டால், இயந்திரம் யார் பேச்சையும் கேளாது வேகமேறிச் சிதறும் வரை ஓடும். பம்பை நாமக்கல்லுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்க்கச் சொன்னார் மாமா. தண்டு கையால் தள்ளினால் நகர்கிறதே, ஒரு வாரமும் பணமும் மிச்சமாகட்டும் என்று வாதாடி வென்றவன் நான். "அப்படீன்னா ஒரு பலகை எடுத்து வைச்சுக்க" என்று மட்டும் சொன்னார்.

காற்று உள்ளே போகும் குழாயின் வாயைத் திறந்துவைத்து, அதை முழுவதும் மூடத்தக்க வழுவழுப்பான பலகையுடன் நான் நின்றேன். டீசல் இல்லாவிடினும் காற்று இல்லாவிடினும் இயந்திரம் நின்றாக வேண்டும். கையாலோ துணியாலோ மூட முயலக்கூடாது, உறிஞ்சி இழுத்துவிடும். அப்பா வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார். பலகையைப் பார்த்துவிட்டு எதற்கென்று கேட்டார். சொன்னேன். என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, "நீ தள்ளி நில்லு" என்றார்.

மூன்றாம் சுழற்றலில் இயந்திரம் பிடித்தது. வெண்புகை, பிறகு கரும்புகை. தம்பி கூவினான். அவன் கூவி முடிப்பதற்குள் ஓசை ஏறத் தொடங்கியது, ஏறிக்கொண்டே போயிற்று. உள்ளே அமர்ந்திருந்த மாமா நிறுத்தும் கம்பியை இழுத்தார், பயனில்லை. வண்டி முழுவதும் நடுங்கியது. அப்பா பலகையைக் குழாய் வாயில் அறைந்து அழுத்தினார். இரண்டு மூன்று நொடிகள் இருக்கலாம். திணறி நின்றது.

யாரும் பேசவில்லை. தவணையில் பன்னிரண்டு நாட்களே மிச்சம். அப்பா அன்றே கடைக்காரருக்குச் சொல்லியனுப்பியிருந்தாலும் நான் எதிர்த்துப் பேசியிருக்க முடியாது. மறுநாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது, பம்பைக் கழற்றிச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு அப்பாவே நாமக்கல்லுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே ஒரு பிஸ்டன் பிசினேறி அரைச் சிக்கலாக இருந்ததாம். குளிர்ந்திருந்தபோது எங்கள் கைக்கு நழுவியது, ஓடியபோது பிடித்துக்கொண்டது. பழுது நீங்கி வந்த பம்பை மாட்டி, என் விடுமுறை தீர மூன்று நாள் இருக்கையில் மறுபடி எழுப்பினோம். பலகையுடன் அப்பாவே நின்றார். இம்முறை அதற்கு வேலையில்லை. அப்பாரு கையை இயந்திரத்தின் மேல் வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை.

வண்டியைச் சாலையில் ஓட்டுகிறீர்களா என்று விடுதியில் கேட்கிறார்கள். இல்லை. எஃப்.சி. இன்றிச் சரக்கு வண்டி சாலையேறக்கூடாது. ஐம்பதாண்டு கடந்த வண்டிகளைத் தனியாகப் பதிய 2021-இல் மத்திய அரசு விதி செய்தது உண்மை. அது இருசக்கர வண்டிக்கும் காருக்கும் உரியது, லாரிக்கு அதில் இடமில்லை. செல்வர் வீட்டுக் காருக்குக் கிடைத்த மதிப்பு, மூட்டை சுமந்த வண்டிக்கும் கிடைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போதைக்குத் தோட்டத்துக்குள் தென்னை மட்டை ஏற்ற, அதுவும் முதல் கியரில் மட்டும். பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. பதினெட்டு ஆண்டில் குழாய்களையும் சக்கர சிலிண்டர்களையும் உள்ளிருந்தே அரித்துவிட்டது. டயர்களும் வெடித்துள்ளன. இவ்வகைச் சக்கரத்தில் டயரைப் பிடித்திருக்கும் இரும்பு வளையம் துருவேறியிருந்தால், காற்றடிக்கும்போது தெறித்து ஆளைக் கொல்லும். தெரிந்தவர் அல்லாது தொடக்கூடாது.

அடுத்த விடுமுறைக்கு உரியது பிரேக் வேலை. அப்பா தொலைபேசியில் பேசும்போது என் தேர்வைக் கேட்பதற்கு முன் அதைக் கேட்கிறார். மூக்கு வண்டிக்குரிய பழைய பிரேக் சாமான்கள் இங்கே காசி நகரக் கடைகளில் கிடைக்குமிடம் அறிந்த நண்பர் யாரேனும் இருப்பின், அன்புகூர்ந்து மாலை வேளையில் என் அறைக்கு வருக.