கம்பம் பள்ளத்தாக்குக்குள் ஓர் ஏடிஆர்

தேனி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. கம்பத்துக்காரர்கள் விமானம் ஏற மதுரைக்குத்தான் போக வேண்டும். சென்னை - மதுரை தடத்தில் பயணம் செய்தவர்கள் ஏடிஆர் 72 விமானத்தைப் பார்த்திருப்பார்கள்: உடலுக்கு மேலே பொருத்திய இறக்கை, இரு பக்கமும் ஆறு இதழ்களுடன் சுழலும் புரொப்பெல்லர். பிரான்ஸும் இத்தாலியும் கூட்டாகத் தயாரிக்கும் இது முதன்முதலில் பறந்தது 1988இல். இன்றைய 72-600 வகையில் எழுபதுக்கும் மேற்பட்டோர் உட்காரலாம்.

இந்த விமானத்தை இப்போது வீட்டுக் கணினியிலும் ஓட்டலாம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்காக ஏடிஆர் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு உருவான வடிவம் 2023இல் வெளிவந்தது. விமானி அறையின் திரைகளும் பொத்தான்களும் அசலைப் போலவே இருக்கின்றன. என்றாலும் இத்தகைய படைப்பின் தரத்தை அளக்க வேறு அளவுகோல் உண்டு. ஒரு லீவரை நகர்த்தினால் நிஜ விமானத்தில் என்ன நடக்குமோ அதுவே, அதே வரிசையில், திரையிலும் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எஞ்சினும் இதழும்

டர்போபிராப் என்பது புரொப்பெல்லரைச் சுழற்றும் ஜெட் எஞ்சின். காற்றை அழுத்தி, எரிபொருளை எரித்து, அந்தச் சூடான வாயுவால் டர்பைன்களைச் சுழற்றுகிறது. ஏடிஆரின் எஞ்சினில் கடைசி டர்பைனுக்கும் காற்றை அழுத்தும் பகுதிக்கும் நேரடி இணைப்பு இல்லை. அது தனித்தண்டில் சுழன்று, கியர்பெட்டி வழியாகப் புரொப்பெல்லரை ஓட்டுகிறது. டர்பைனின் மிக அதிகமான சுழல்வேகத்தை, புரொப்பெல்லருக்கு ஏற்றபடி நிமிடத்துக்கு 1,200 சுற்று என்ற அளவுக்கு அந்தக் கியர்பெட்டி குறைத்துக் கொடுக்கிறது.

விமானி சக்தியைக் கூட்டும்போது புரொப்பெல்லரின் சுழல்வேகம் கூடுவதில்லை. இதழ்கள் தம் கோணத்தைத் திருப்பிக்கொண்டு காற்றை இன்னும் ஆழமாக வெட்டுகின்றன. குமுளி மலைப்பாதையில் ஏறும் பஸ் டிரைவர், ஏற்றத்துக்குத் தக்கபடி கியர் மாற்றி எஞ்சினைச் சீரான வேகத்தில் வைத்திருப்பதைப் போன்றது இது. தரை தொட்டதும் இதழ்கள் தட்டையாகத் திரும்பி, காற்றைத் தடுக்கும் பிரேக்காக மாறிவிடும். சக்தி, சுழல்வேகம், இதழின் கோணம் மூன்றும் தனித்தனியே மாறி ஒன்றையொன்று பாதிப்பதால், டர்போபிராப்பைக் கணினியில் சரியாகக் கொண்டுவருவது கடினமான வேலை. எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டர், இறக்கையையும் புரொப்பெல்லரையும் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் காற்று தரும் விசையை நொடிக்குப் பலமுறை கணக்கிட்டுக் கூட்டுகிறது.

ஏடிஆருக்கே உரிய பழக்கம் ஒன்றும் உண்டு. பெரிய விமானங்களின் வாலில் மின்சாரத்துக்கும் குளிர்காற்றுக்கும் என்று ஒரு சிறிய எஞ்சின் இருக்கும். எடையை மிச்சப்படுத்த ஏடிஆரில் அதை வைக்கவில்லை. நிலையத்தில் நிற்கும்போது வலப்பக்கப் புரொப்பெல்லரைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, அந்த எஞ்சினை மட்டும் ஓடவிடுவார்கள். கடைசி டர்பைன் தனித்தண்டில் இருப்பதால்தான் இது முடிகிறது. நல்ல சிமுலேட்டர் வடிவத்தில் இந்த முறையையும் வரிசை தவறாமல் செய்து பார்க்கலாம்.

பள்ளத்தாக்கின் கணக்கு

திரையில் விமானம் பறக்க, அடியில் நிலமும் வேண்டும். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி, ரேடாரால் உலக நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கின் உயரத்தை அளந்தது. எல்லோருக்கும் இலவசமாகத் தரப்பட்ட அந்த அளவீட்டில் மேகமலையும் இருக்கிறது, ஏலமலையும் இருக்கிறது.

மதுரை ஓடுபாதையிலிருந்து மேற்கே ஏறினால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், வலப்புறம் வைகை அணை, அப்புறம் தேனி. அங்கிருந்து தென்மேற்கே திரும்பினால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வரிசையாக ஊர்கள். இடப்புறம் மேகமலை, வலப்புறம் ஏலமலை. போகப் போகப் பள்ளத்தாக்கு குறுகும்; கடைசியில் குமுளி மலை குறுக்கே நிற்கும். தாழப் பறந்தால் அதற்குள் திரும்பியாக வேண்டும்.

திரும்பும் வட்டத்தின் அளவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 370 கிலோமீட்டரில், 25 பாகை சாய்த்துத் திருப்பினால் வட்டத்தின் குறுக்களவு சுமார் 4.6 கிலோமீட்டர். வேகத்தை 300க்குக் குறைத்தால் அது ஏறக்குறைய 3 கிலோமீட்டராகச் சுருங்கும். வேகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்ததற்கு, வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது.

காற்றும் கணக்கில் சேரும். தேனிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குப் பருவக்காற்று, மலைமுகட்டைத் தாண்டியதும் பள்ளத்தாக்குக்குள் கீழ்நோக்கி இறங்கும். குமுளியை நோக்கிப் பறக்கும் விமானத்தை அது கீழே அழுத்தும். காற்று மேட்டில் ஏறி மறுபுறம் இறங்குவதை இன்றைய சிமுலேட்டர்கள் கணக்கிடுகின்றன. எஞ்சின் சக்தி மாறாமலிருக்கும்போதே உயரமானி இறங்குவதைத் திரையில் பார்க்கலாம்.

எதுவரை?

வீட்டுக் கணினியில் ஓட்டிய நேரம் விமானி உரிமத்துக்குக் கணக்காகாது. உடலில் உணரும் சாய்வு, ஸ்டியரிங்கின் கனம், தவறினால் உயிர்போகும் என்ற பொறுப்பு எதுவும் அங்கே இல்லை.

ஆனால் காரணத்தையும் விளைவையும் கையால் தொட்டுப் படிக்க இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் கிடையாது. வர்க்கம், விசை, அழுத்தம் என்று பாடப்புத்தகத்தில் படித்தவை எல்லாம் இங்கே ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் முற்றிலும் இலவசம். போடியிலோ கம்பத்திலோ ஒரு பள்ளி தன் கணினி அறையில் அதை நிறுவி, மாணவர்கள் இயற்பியல் வகுப்பில் போட்ட வட்டக் கணக்கைத் தங்கள் ஊர் மலைகளுக்கு நடுவே பறந்து சரிபார்க்க வைக்கலாம். விமானம் பார்த்திராத பிள்ளைக்கும் விமானவியல் பிடிபட அது போதுமான தொடக்கம்.