புரோநோட்டுக்கு மூன்று ஆண்டு

கடன் கொடுத்தவர் நீதிமன்றம் மூலம் பணத்தைக் கேட்பதற்குச் சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது. 1964 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள காலவரையறைச் சட்டம், 1963-இன்படி, கைமாற்று, புரோநோட்டுக் கடன், சரக்கு பாக்கி, வேலைக்கூலி ஆகிய எல்லாவற்றுக்கும் மூன்று ஆண்டு. அதற்குள் வழக்கு தாக்கலாகாவிட்டால் கடன் அழிந்துவிடாது, ஆனால் அதைக் கோர்ட்டில் கேட்கும் வழி அடைபட்டுவிடும். கடன் வாங்கியவர் கெடுவைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும் நீதிபதி தாமாகவே வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது சட்டத்தின் 3-ஆம் பிரிவு. தாமதத்தை மன்னிக்கும் 5-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும் உரியது. அசல் வழக்குக்கு அது இல்லை. ஒரே ஒரு நாள் தாமதம், அதற்கு மருத்துவச் சான்றிதழும் கையில் உண்டு என்றாலும் பயனில்லை.

திருவள்ளூர் மாவட்டத்தின் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரத்தில் கைக்கடன் இல்லாத வீடு குறைவு. தொழிலாளி சக தொழிலாளிக்குக் கொடுக்கிறார்; சிறு பட்டறைக்காரர் பெரிய ஆலைக்குக் கடனுக்கு உதிரிபாகம் தருகிறார்; பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு நோட்டு எழுதப்படுகிறது. இவர்களில் பெரும்பாலோர் தவறுவது ஒரே இடத்தில்தான்: கெடு எந்த நாளில் தொடங்குகிறது என்பதில்.

‘தாங்கள் கேட்கும்போது தருகிறேன்’ என்று எழுதிய நோட்டுக்கு, கேட்ட நாளிலிருந்து கெடு ஓடும் என்று ஊரே நம்புகிறது. அது தவறு. நோட்டில் உள்ள தேதியிலிருந்தே ஓடும். நாலு ஆண்டு கேட்காமல் இருந்துவிட்டு, ‘போன மாதம்தான் கேட்டேன்’ என்று சொல்வதில் பொருளில்லை. குறிப்பிட்ட நாளில் தருவதாக எழுதியிருந்தால் மட்டும் அந்த நாளிலிருந்து கணக்கு. நோட்டு இல்லாத கைமாற்றுக்குப் பணம் கைமாறிய நாள். சரக்குக்கு அதை ஒப்படைத்த நாள். 60 நாள் கடன் தவணை பேசியிருந்தால் அந்தத் தவணை முடிந்த நாள். கூலிக்கு ஒவ்வொரு மாதச் சம்பளமும் சேரவேண்டிய நாள் தனித்தனியே கணக்காகும். ஆக ஆறு மாத பாக்கிக்கு ஒரே கெடு இல்லை, ஆறு கெடுக்கள்.

தொடக்க நாளைக் கணக்கில் விட்டுவிட வேண்டும். 2022 மே 10 தேதியிட்ட நோட்டுக்கு 2025 மே 10 கடைசி நாள். அன்று கோடை விடுமுறையில் நீதிமன்றம் மூடியிருந்தால் திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யலாம். இந்தச் சலுகையை நம்பிக் கடைசி வாரம் வரை காத்திருப்பவருக்கு வக்கீல் கிடைப்பதே கடினம்.

கெடுவை எது நிறுத்தாது என்பதைத் தெரிந்துகொள்வது அதைவிட முக்கியம். வக்கீல் நோட்டீஸ் நிறுத்தாது. காவல் நிலையத்தில் கொடுத்த மனுவும் அதற்குத் தரும் மனு ரசீதும் நிறுத்தா. ஊர்ப் பெரியவர் முன் ‘தை பிறந்ததும் தருகிறேன்’ என்று சொன்ன வாய்வார்த்தை நிறுத்தாது. கடன் வசூல் சிவில் விவகாரம் என்று முதல் நாளே சொல்லி அனுப்பவேண்டிய நிலையத்தில், ‘அடுத்த வாரம் வாங்க, கூப்பிட்டுப் பேசுறோம்’ என்று மாதக்கணக்கில் அலையவிடுவதும் நடக்கிறது. அப்படி அலைந்த மாதங்களைக் கெடுவில் யாரும் கழித்துத் தரமாட்டார்கள். மீண்டும் சொன்னால், நோட்டீஸ் அனுப்பியாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்தான் அதிகம் இழக்கிறார்.

கெடுவைப் புதுப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் மூன்று ஆண்டு முடிவதற்கு முன்பே நடக்க வேண்டும்; கடன்பட்டவரின் கையெழுத்தோ அவர் கைப்பட எழுதியதோ வேண்டும். முதலாவது, எழுத்துமூல ஒப்புதல் (18-ஆம் பிரிவு). ‘இன்ன தேதியில் இன்னாரிடம் வாங்கிய கடனில் இன்று வரை இவ்வளவு பாக்கி உள்ளது’ என்று தேதியுடன் எழுதி அவர் கையெழுத்திட்டால் போதும். தர முடியாது என்று அதிலேயே எழுதியிருந்தாலும், கடன் இருப்பதை ஏற்றிருந்தால் அது ஒப்புதல்தான். இரண்டாவது, அசலிலோ வட்டியிலோ ஒரு பகுதியைக் கட்டுவது (19-ஆம் பிரிவு). நோட்டின் பின்புறம் வரவு எழுதும் பழக்கம் இதற்காகவே வந்தது. ஆனால் கொடுத்தவர் தன் கையால் ‘ரூ.2,000 வரவு’ என்று எழுதி வைத்துக்கொள்வது செல்லாது. கட்டியவர் கைப்பட எழுதியிருக்க வேண்டும், அல்லது எழுதியதன் கீழ் அவர் கையெழுத்து இருக்க வேண்டும். தேதியும், எண்ணிலும் எழுத்திலும் தொகையும் இருப்பது நல்லது. காசோலையாக வாங்கினால் காசோலையே கையெழுத்திட்ட எழுத்தாகிறது. ஜிபேயில் வந்த பணத்துக்கும் நோட்டின் பின்புறம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மின்னஞ்சலை ஒப்புதலாக ஏற்ற தீர்ப்புகள் உண்டு என்றாலும், வாட்ஸ்அப் செய்தியை மட்டும் நம்பிக் கெடுவைத் தாண்டவிடுவது சூதாட்டம். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து வாங்கிய கடனில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால், அதை மட்டும் வைத்து மற்றவரைக் கட்டுப்படுத்த முடியாது. இருவரிடமும் வாங்க வேண்டும். ஆலைக்குச் சரக்கு கொடுத்தவர் அந்த நிறுவனத்தின் ஆண்டு இருப்புநிலைக் குறிப்பைப் பார்ப்பதும் பயன் தரும். அதில் காட்டிய கடன் ஒப்புதலாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியிருக்கிறது.

கையெழுத்து கிடைக்காவிட்டால் வழக்குத்தான். கடன்பட்டவர் குடியிருக்கும் இடத்துக்கோ பணம் கைமாறிய இடத்துக்கோ உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். இப்பகுதி மக்கள் காலங்காலமாகப் போவது பொன்னேரி நீதிமன்ற வளாகம். எந்தக் கோர்ட் என்பது தொகையைப் பொறுத்தது. அசல் நோட்டு, வரவுக் குறிப்புகள், அனுப்பியிருந்தால் நோட்டீஸ் நகலும் அஞ்சல் ஒப்புகை அட்டையும், எதிர்தரப்பின் இப்போதைய முகவரி ஆகியவை வேண்டும். தமிழ்நாட்டில் முன்பு 7.5 சதவீதமாக இருந்த கோர்ட் கட்டணம் 2017-இல் 3 சதவீதமாகக் குறைந்தது. அந்தச் செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுவதில் நியாயமில்லை. மேலும் 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சிப்காட் தொழிலாளர் பலருக்கு இது தெரியாது. திருவள்ளூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனு தரலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இனிக் கடன்பட்டவர் பக்கம். கெடு முடிந்த பிறகு ‘சும்மா ஒரு கையெழுத்து போடுங்க, கணக்கை முடிச்சுக்கலாம்’ என்று யாராவது வந்தால் பேனாவைத் தொடும் முன் யோசிக்க வேண்டும். காலாவதியான கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டால், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 25(3)-இன்படி அது புதிய ஒப்பந்தம். செத்த கடன் மறுபடி உயிர் பெறும். வெற்று நோட்டில் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது இன்னும் மோசம். தொகையையும் தேதியையும் நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தைக் கையெழுத்திட்டவரே தருகிறார். பாதுகாப்புக்கென்று கொடுத்த தேதியில்லாத காசோலையும் அப்படியே. அது திரும்பினால் வங்கித் தகவல் வந்த 30 நாளில் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் குற்றப் புகார் என்று வேறொரு வேகத்தில் ஓடும். ஒரே ஆளிடம் பழைய கடனும் புதிய கடனும் இருந்தால், எதற்காகக் கட்டுகிறோம் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கட்டினால் காலாவதியான கடனிலேயே வரவு வைத்துக்கொள்ளக் கொடுத்தவருக்கு உரிமை உண்டு.

எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்வது, ‘நோட்டு காலாவதியாகிவிட்டது’ என்ற தெம்பில் அமீனா கொண்டுவரும் சம்மனை வாங்காமல் இருப்பது. நோட்டின் பின்புறம் யாரோ எழுதிய பொய் வரவை மறுக்க எதிர்தரப்பு ஆஜராகவில்லை என்றால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகிவிடும். எதிருரை தாக்கல் செய்ய 30 நாள், தகுந்த காரணம் இருந்தால் 90 நாள் வரை. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோரவும் 30 நாள்தான். சம்மனை வாங்க வேண்டும், வாங்கிய வாரமே வக்கீலைப் பார்க்க வேண்டும்.

வங்கிக் கடனில் சில வேறுபாடுகள். வீட்டுப் பத்திரம் அடமானமாக இருந்தால் அந்த உரிமைக்குக் கெடு 12 ஆண்டு. அடகுவைத்த நகையை, கெடு முடிந்தது என்று சொல்லித் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் காலாவதியான கடனை வருவாய் வசூல் சட்டத்தின் வழியாகப் பிடுங்க முடியாது என்று 1999-இல் கேரள அரசு எதிர் கல்யாணிக்குட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வங்கி தன் வாராக்கடனை வேறொரு நிறுவனத்துக்கு விற்றாலும் கெடு புதிதாகத் தொடங்காது. வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்டு உத்தரவு. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். அதற்கான தொலைபேசி எண் 14448. கந்துவட்டி, மீட்டர் வட்டி என்றால் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி காவல்துறை வழக்குப் பதிய வேண்டிய குற்றம். அங்கே ‘சிவில் விவகாரம்’ என்று சொல்லி அனுப்புவது தவறு.

தீர்ப்பாகிவிட்ட கடனுக்கு மூன்று ஆண்டுக் கெடு பொருந்தாது. டிக்ரியை நிறைவேற்ற 12 ஆண்டு வரை மனுப் போடலாம். அதற்காகச் சம்பளத்தைப் பற்றுகை செய்தால் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொழிலாளிக்கே. 19,000 ரூபாய் சம்பளத்தில் 6,000 வரை மட்டுமே பிடிக்கலாம். அதுவும் ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதங்களுக்கு மேல் பிடிக்க முடியாது.