கங்கையைக் காவிரிக்கு அழைத்த கிண்டி மாணவர்

கே.எல்.ராவ் என்ற பேரை சிவில் டிபார்ட்மென்ட் தாண்டி நிறைய பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனா கங்கை–காவிரி இணைப்பு பத்தி எல்லாருக்கும் தெரியும். 1972ல் அதை ஒரு திட்டமாக முன்வைத்தவர் இவர்தான்.

1902ல் ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்தார். ஸ்கூல்ல விளையாடும்போது அடிபட்டு ஒரு கண்ணில் பார்வை போச்சு. அதோட கிண்டியில் படித்து, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் முதுகலை வாங்கிய முதல் மாணவர் ஆனார். 1939ல் பர்மிங்ஹாமில் பிஎச்.டி.

பிறகு டெல்லியில் மத்திய நீர், மின் ஆணையத்தில் அணைகளை டிசைன் செய்தார். நாகார்ஜுனசாகர் அணையில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 124 மீட்டர் உயர அந்த அணை, கான்கிரீட்டுக்குப் பதிலா கல் கட்டுமானம். சிமென்ட் தட்டுப்பாடான காலம் அது. கல்லும் வேலைக்கு ஆளும் பக்கத்திலேயே கிடைத்தது.

1962, 1967, 1971 என மூன்று முறை விஜயவாடாவில் ஜெயித்து, 15 வருஷம் மக்களவையில் இருந்தார். 1963ல் நேரு அமைச்சரவையிலும் இடம் கிடைத்தது.

இப்போ அந்தத் திட்டத்துக்கு வருவோம். வெள்ளக் காலத்தில் பாட்னா அருகே 60,000 கன அடி எடுக்கணும். அதில் 50,000 கன அடியை 549 மீட்டர் மேலே ஏற்றி, தெற்கே கொண்டு வரணும். மொத்தம் 2,640 கி.மீ.

நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் ஃபார்முலாவில் போட்டுப் பாருங்க. 50,000 கன அடின்னா நொடிக்கு சுமார் 1,416 கன மீட்டர். அதை 9.81ஆலும் 549ஆலும் பெருக்கினா, பம்ப் லாஸ் சேர்க்காமலே சுமார் 7,600 மெகாவாட் வருது. அன்னைக்கு இந்தியாவின் மொத்த மின் உற்பத்தித் திறனே சுமார் 16,000 மெகாவாட்தான்! செலவையும் ரொம்பக் குறைச்சுப் போட்டிருக்காங்கன்னு மத்திய நீர் ஆணையம் சொன்னது. திட்டம் கைவிடப்பட்டது.

அப்போ ராவ் தோத்துட்டாரா? எனக்கு அப்படித் தோணல. எவ்வளவு தண்ணி, எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம்னு அவர் எண்களோடு பேசினார். அதனாலதான் மத்தவங்க சரிபார்க்க முடிஞ்சது, மறுக்கவும் முடிஞ்சது. சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ ஒரு இன்ஜினியர் கொண்டு போக வேண்டிய பழக்கம் இதுதான்னு நினைக்கிறேன்.

அடுத்த தேர்தலில் யாராவது நதிகளை இணைப்போம்னு சொன்னா, கைதட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க: எத்தனை கன அடி, எத்தனை மீட்டர், கரன்ட் எங்கிருந்து?