நடுங்கும் ரோபோ கையை அடக்கும் பீங்கான்

சாக்லேட்டுகளைப் படபடவென்று எடுத்துப் பெட்டியில் அடுக்கும் ரோபோவை டிவியில் பார்த்திருப்பீர்கள். சிலந்திக் கால் போல மூன்று மெல்லிய கைகள் மேலிருந்து தொங்கும். இதன் பெயர் டெல்டா ரோபோ. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ரெய்மோன் கிளாவெல் 1980களில் உருவாக்கியது. மோட்டார்களைக் கையில் பொருத்தாமல் மேலேயே நிறுத்திவிட்டார். எடை குறைந்தது, வேகம் எகிறியது. நிமிடத்திற்கு நூறு முறைக்கு மேல் எடுத்து வைக்கும்.

ஆனால் வேகமாகப் போய்ச் சட்டென்று நின்றால் கை நடுங்கும். பிளாஸ்டிக் ஸ்கேலை மேசை ஓரத்தில் அழுத்திப் பிடித்து நுனியைத் தட்டிப் பாருங்கள், அதே கதைதான். நடுக்கம் அடங்கும் வரை ரோபோ சும்மா காத்திருக்க வேண்டும். அரை நொடி வேலையில் 0.1 நொடி காத்திருந்தால், ஐந்தில் ஒரு பங்கு நேரம் வீண்! கையைத் தடிமனாகச் செய்யலாமே என்கிறீர்களா? எடை கூடி, வேகம் போய்விடும்.

இங்கேதான் பீசோ பொருட்கள் கைகொடுக்கின்றன. உங்கள் வீட்டு காஸ் லைட்டரை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி பீசோ துண்டில் மோதுகிறது. மின்சாரம் பிறந்து பொறி பறக்கிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தக் குணத்தை கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டுபிடித்தார்கள். தலைகீழாகவும் நடக்கும். மின்சாரம் கொடுத்தால் அது நீளும், சுருங்கும். இன்று பெரும்பாலும் பயன்படுவது ஈயம், ஸிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த பீங்கான்.

ரோபோ கையின் தண்டில் இதைப் பொருத்திவிட்டால், தண்டு நடுங்குவதை அதுவே உணர்ந்து சொல்லும். கன்ட்ரோலர் கம்ப்யூட்டர் உடனே எதிர்த் திசையில் அதை நீளவோ சுருங்கவோ வைக்கும். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட தண்டுகளோடு ரோபோக்களைச் செய்து சோதித்தார்கள். கம்ப்யூட்டர் ஆயிரத்தில் ஒரு நொடிக் கணக்கில் பதில் சொல்ல வேண்டும். தாமதித்தால், ஊஞ்சலைத் தவறான நேரத்தில் தள்ளியது போல ஆட்டம் அதிகமாகிவிடும்.

குறைகளும் உண்டு. 10 செ.மீ. பீங்கான் அடுக்கு நீளுவது சுமார் 0.1 மி.மீ.தான். அதற்கே நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். வளைத்தால் உடையும்.

சாஃப்ட்வேர் வழியும் ஒன்று இருக்கிறது. நகரச் சொல்லும் கட்டளையை இரண்டாகப் பிரித்து, இரண்டாவதை அரை ஆட்ட நேரம் தள்ளிக் கொடுத்தால், இரு நடுக்கங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 3டி பிரிண்டர்களில்கூட இந்த உத்தி உண்டு. செலவு குறைவு என்பதால் முதலில் இதைத்தான் முயல வேண்டும். ஆனால் ஆட்டத்தின் வேகம் முன்கூட்டியே தெரிய வேண்டும். சுமையும் கையின் நிலையும் மாறினால் அதுவும் மாறும். பீசோ தண்டோ அந்தந்த நொடியில் என்ன நடக்கிறது என்று பார்த்துச் செயல்படும்.

உங்கள் மேசையிலும் இது இருக்கலாம். எப்சன் இங்க்ஜெட் பிரிண்டரில் மையைத் தள்ளுவது பீசோதான். அதிகக் கொள்ளளவு ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றில், ஹெட்டைச் சரியான டிராக்கில் நிறுத்தும் கடைசி நுண்ணிய அசைவும் பீசோவின் வேலையே.