மத்தளம் உண்டு, மனு எங்கே?

சீனன்குடா என்ற பெயரைக் கேட்டதும் பலருடைய நினைவில் எழுவன எண்ணெய்க் குதங்களே. இரண்டாம் உலக மகாயுத்தத்திற்கு முன்னர்ப் பிரித்தானியர் கட்டத் தொடங்கிய அப்பெருங் குதங்களுள் 99 இன்றும் காட்டிடையே நிற்கின்றன. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் அங்கே குண்டு வீசின. 1957இல் கடற்படைத் தளமும் விமானத் தளமும் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன. 2022 ஜனவரியில் அக்குதங்களைப் பற்றிப் புதிய உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. இவையெல்லாம் பத்திரிகை வாசகர் அறிந்த செய்திகள். மா ஆலையையும் சீமெந்து ஆலையையும் அறியாதாரும் இலர்.

ஆனால், அவ்வூரிலும் அதனை அடுத்த கப்பல்துறை, தம்பலகாமம், கிண்ணியா முதலிய ஊர்களிலும் மத்தளம் வாசிப்போரும், கோயிற் களரியில் ஆடுவோரும், கவி புனைவோரும் வாழ்கின்றனர் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்? 99 குதங்களுக்காக இரண்டு தேசங்களின் அரசாங்கங்கள் ஆண்டுக் கணக்கிற் பேசுகின்றன. ஒரு மத்தளத்திற்குப் புதுத்தோல் போட வேண்டுமாயின் யாரிடம் போய்ப் பேசுவது?

இக்கேள்விக்கு விடை இல்லாமல் இல்லை. கலைஞர்க்கென அரசாங்கத்திலும் மாகாண சபையிலும் ஒதுக்கப்படும் உதவிகள் சில உள்ளன. தொகை பெரிதன்று, எனினும் உண்டு. அவ்வுதவிக்கும் நமது கலைஞனுக்கும் இடையே கிடப்பது காகிதம் ஒன்றே என்பது எனது துணிபு.

முற்காலத்தில் கூத்துக்கு மனு எழுதியவர் எவருமிலர். கிழக்கிலங்கை ஊர்களில் ஒரு கூத்துப் பழக்க வேண்டுமாயின், ஊர்ப் பெரியோர் கூடி அண்ணாவியாரை அழைப்பர். அவர் ஆளைப் பார்த்து, குரலைக் கேட்டு, இன்னார்க்கு இன்ன பாத்திரம் என்று சட்டங் கொடுப்பார். பின்னர் மாதக் கணக்கிற் பழக்கம், சதங்கை அணியும் நாள், அடுக்குப் பார்த்தல், முடிவில் வட்டக் களரியில் விடிய விடிய அரங்கேற்றம். அரங்கேற்றம் முடிந்தபின் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவதும் உண்டு. வீட்டார் கொடுத்த அன்பளிப்பிலே செலவு ஈடாகும். அண்ணாவியார்க்கு வேட்டியும் பணமும் மரியாதையும் சேரும். கணக்குப் புத்தகம் இல்லை. ஆயினும் ஊரே கணக்குப் பரிசோதகர்! ஒரு ரூபா குறைந்தாலும் மறுநாட் காலையிற் கிணற்றடியிலே பேச்சு எழும்.

பெருநூல்களுக்கு வள்ளல்கள் துணை நின்றனர். திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்து பணிபுரிந்த சுவாமி விபுலாநந்தரின் ‘யாழ் நூல்’ வெளிவந்த வரலாற்றை இங்கே நினைவு கூரலாம். பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனாகிய அந்நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். பொருளுதவி செய்தவர் புதுக்கோட்டைப் பெ. ராம. ராம. சித. சிதம்பரஞ் செட்டியார். செட்டியார் பணம் கொடுத்ததோடு அமையவில்லை. அடிகள் அமைதியாகத் தங்கி எழுதுவதற்குத் தமது மாளிகையையும் கொடுத்தார். எழுதுபவனுக்கு வேண்டியது பணம் மட்டுமன்று, ஓர் அறையுங்கூட என்பதை அவர் உணர்ந்திருந்தார். அரங்கேற்றம் நிகழ்ந்து ஏழு வாரங்கள் நிறைவதற்குள், ஜூலை 19இல், அடிகள் இவ்வுலகை நீத்தார். அவ்வுதவி ஓராண்டு பிந்தியிருந்தால் என்னவாகியிருக்கும்!

வள்ளல்களின் காலம் மெல்ல மறைய, அவ்விடத்தில் அரசாங்கம் வந்து நின்றது. பிரித்தானியாவில் 1946இல் கலைக் கழகம் அமைந்தது. இலங்கைக் கலைக் கழகம் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உருவாயிற்று. டில்லியிலே சங்கீத நாடக அக்கடமி 1953இல் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னையில் இன்று இயல் இசை நாடக மன்றமென வழங்கும் அமைப்பு 1955இல் எழுந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குள் உலகின் பல பாகங்களில் ஒரே எண்ணம் அரும்பியது வியப்புக்குரியதே.

நம் நாட்டுக் கலைக் கழகத்தின் தமிழ் நாடகக் குழுவிற்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமை தாங்கிய காலத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எதிரிவீர சரச்சந்திரர் 1956இல் ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றிப் பெரும் புகழ் பெற்றார். அவர்க்குத் தூண்டுகோலாய் நின்றது நாடகம என்னும் கூத்து வடிவம்; அதன் வேரோ தமிழ்க் கூத்திலே கிடந்தது. நம் வீட்டுச் சொத்தை அயலவர் துலக்கிக் காட்டிய பின்னரே நமக்குக் கண் திறந்தது. வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார், முல்லைத்தீவு என்று ஊரூராய்ச் சென்றார். அண்ணாவிமாரைத் தேடிக் கண்டார். அவர்களுக்கென மகாநாடுகள் கூட்டினார். பாடசாலைகளிடையே கூத்துப் போட்டிகள் நடத்தினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்துப் பல்கலைக்கழக மாணவர்க்கு ஆட்டம் பழக்குவித்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, பின்னர் ‘இராவணேசன்’, 1968இல் ‘வாலி வதை’ என்று ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறின. ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த ‘அலங்கார ரூபன்’, ‘என்றிக் எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசவுந்தரி’ நாடகங்களை 1962க்கும் 1967க்கும் இடையில் பதிப்பித்தார்.

இவ்வுதவியில் ஒரு விலையும் இருந்தது. விடியும் வரை ஆடிய கூத்து, நகர மேடைக்கென ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. வட்டக் களரி ஒருபக்க மேடையாயிற்று. பணம் கொடுப்பவரின் மேடைக்கேற்பக் கலை தன் உடலை வளைத்துக்கொள்ளும் என்பது எந்நாட்டிலும் காணத்தக்கதே. எனினும், அன்று அந்தச் சுருக்கம் இல்லையேல் இன்று நமது பிள்ளைகளுட் பலர் வடமோடி, தென்மோடி என்ற சொற்களையும் கேட்டிரார்.

இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. அன்று கொடுப்பவர் கலைஞனைத் தேடிச் சென்றார். இன்று கலைஞன் கொடுப்பவரைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. அதுவும் வெறுங்கையுடன் போக முடியாது.

இன்றுள்ள வழிகளைச் சுருக்கமாகக் காண்போம். கொழும்பிலுள்ள கலாசார அலுவல்கள் திணைக்களம் 60 வயதைக் கடந்த கலைஞர்க்குக் கலாபூஷணம் என்னும் அரச விருதும் பணப்பரிசும் வழங்குகிறது. கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் மூத்தோர்க்கு வித்தகர் விருதும், இளங் கலைஞர்க்குப் பாராட்டும், சிறந்த நூல்களுக்குப் பரிசும் அளித்து வருகிறது. அத்திணைக்களம் அமைந்திருப்பது திருகோணமலை நகரிலேயாம். பொத்துவிலிலிருந்து வரும் கலைஞன் நாள் முழுதும் பிரயாணஞ் செய்ய வேண்டும். சீனன்குடாவினரோ காலைத் தேநீர் அருந்திவிட்டுப் புறப்பட்டு மதிய உணவுக்கு வீடு திரும்பலாம். நூல் எழுதி வைத்துக்கொண்டு அச்சுக்கூலியை எண்ணிப் பெருமூச்சு விடுவோர், தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையை நாடலாம். கையெழுத்துப் பிரதிகளைப் பரிசீலித்து, தகுதி கண்டவற்றின் வெளியீட்டிற்கு உதவும் திட்டம் அங்குண்டு. இசையும் நடனமும் கற்க விழையும் மாணவர்க்கு மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இந்தியாவிற் பயில இந்திய அரசாங்கத்தின் புலமைப் பரிசில்களும் உள்ளன. பிரதேச செயலகங்களில் கலாசார உத்தியோகத்தர் இருப்பர். எல்லாவற்றுக்கும் முதற் படி அவருடைய மேசையே.

இனிக் காகிதத்தின் கதைக்கு வருவோம். வாய்ப்பாட்டோ வீணையோ பரதமோ கற்கும் பெண்பிள்ளை ஒருத்தியைப் பாருங்கள். 1931இல் நிறுவப்பட்ட வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்கு அவள் தோற்றுகிறாள். ஒவ்வொரு தரத்திற்கும் ஒரு சான்றிதழ்; முடிவிலே கலாவித்தகர் பட்டம். இருபது வயதிற்குள் அவளுடைய கோப்பு நிறைந்துவிடும். அதே ஊரில் நாற்பதாண்டு கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஒருவரை எண்ணுங்கள். அவரைப் பரீட்சித்தவர் யார்? விடியும் வரை களரியைச் சூழ்ந்திருந்த ஊராரே. அவர்கள் சான்றிதழ் அச்சிட்டுக் கொடுப்பதில்லை. விண்ணப்பப் படிவமோ, ‘உமது கலைப்பணிக்கு ஆதாரங்களை இணைக்குக’ என்கிறது.

திருகோணமலை மாவட்டத்தில் இக்குறை இரட்டிப்பாகிறது. 1983இலும் 1990இலும் நிகழ்ந்த கலவரங்களிலும் இடப்பெயர்வுகளிலும் எத்தனையோ குடும்பங்கள் உடுத்த துணியுடன் வெளியேறின. 2004 டிசம்பர் ஆழிப்பேரலை கடலோரத்தில் எஞ்சியவற்றையும் வாரிச் சென்றது. நிகழ்ச்சி அழைப்பிதழும், பத்திரிகை நறுக்கும், மேடையில் எடுத்த புகைப்படமும் அவ்வாறே போயின. பிறந்த நாட் சான்றிதழையே மீண்டும் எடுக்க அலைந்தவர்கள், 1975இல் ஆடிய கூத்தின் நோட்டீசை எங்கே தேடுவர்? உத்தியோகத்தரைக் குறை கூறுவதற்கில்லை. ஆதாரமின்றிக் கொடுத்தால் நாளை அவரே பதில் சொல்ல வேண்டும். ஆயினும், பாதுகாப்பாக வாழ்ந்தவனுக்குக் கோப்பு உண்டு, துன்பப்பட்டவனுக்கு இல்லை என்ற நிலை நீதியாகுமா? இத்தகைய மாவட்டங்களுக்கு வாய்மொழிச் சான்றை ஏற்கும் முறை ஒன்றைத் திணைக்களங்கள் வகுத்தல் வேண்டும். வித்தியானந்தன் களரிக்குச் சென்று கண்டதுபோல, தேர்வுக் குழுவினர் இரண்டொருவர் நேரிலே வந்து ஒரு மாலை கேட்டுவிட்டுப் போகலாமே!

அதுவரை காத்திருக்க அண்ணாவிமாருக்கு வயது இடங்கொடாது. ஆகவே, இதனை வாசிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ அயல்வீட்டு முதியவரோ மத்தளம் அறிந்தவராயின், ஒரு விடுமுறை நாளில் கொப்பியுடன் அவர் பக்கத்தில் அமருங்கள். யாரிடம் பழகினார், எந்தக் கூத்தில் என்ன வேடம், எந்தக் கோயில் முன்றல், எந்த ஆண்டு என்று கேட்டெழுதுங்கள். ஆண்டு நினைவில்லையெனில், ‘சூறாவளிக்கு முந்திய வருடமா, பிந்தியதா?’ என்று கேளுங்கள். 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கிழக்கிலே மறந்த முதியோர் இலர். உடன் ஆடியவர் இருவரிடமும், கோயிற் பரிபாலன சபையிடமும், பாடசாலை அதிபரிடமும் கையொப்பமிட்ட கடிதங்கள் பெறுங்கள். அவரிடம் கூத்துக் கொப்பி இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்திற் சேர்த்துவரும் நூலக நிறுவனம் போன்றோரிடம் ஒரு பிரதி இருந்தால், இன்னொரு வெள்ளம் வந்தாலும் அது அழியாது.

கலை மன்றமாக இயங்குவோர்க்கு ஒரு சொல். பிரதேச செயலகத்தில் மன்றத்தைப் பதிவு செய்யுங்கள். மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கும், கூட்ட அறிக்கைப் புத்தகமும் இருக்கட்டும். உதவி கேட்கும்போது ‘கலையை வளர்க்க’ என்று பொதுவாக எழுதுவதைவிட, இரண்டு மத்தளம், ஒரு சோடிச் சல்லரி, பத்துப் பேருக்கு உடுப்பு, மூன்று மாதப் பழக்கத்திற்கு அண்ணாவியாரின் பயணச் செலவு என்று விலையுடன் எழுதுவது நன்று. குடாவைச் சுற்றியுள்ள பெரிய ஆலைகளிடமும் அதே கடிதத்தின் பிரதியைக் கொடுத்துப் பாருங்கள். மறுத்தால் நட்டம் ஒரு முத்திரைக் காசுதானே! தமிழ் 1987 முதல் அரசகரும மொழியாயிருத்தலின், எந்தத் திணைக்களத்துக்கும் தமிழிலே எழுதத் தயங்க வேண்டியதில்லை.

விருதுகளுக்கான விண்ணப்பங்கள் ஆண்டுதோறும் குறித்த சில வாரங்களுக்கு மட்டுமே கோரப்படுகின்றன. அவ்வறிவித்தல் பெரும்பாலும் பிரதேச செயலக வாயிற் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். அடுத்த முறை அடையாள அட்டை அலுவலுக்கோ ஓய்வூதிய அலுவலுக்கோ அங்கே செல்லும்போது, வரிசையில் நிற்கும் நேரத்தில் அப்பலகையையும் வாசித்துவிட்டு வாருங்கள்.