பிடியரிசியும் பள்ளிக்கூடமும்

ஓர் ஊரின் இயல்பை அறிய விரும்புவோர் அவ்வூர்க் கோயிலைப் பார்ப்பர்; குளத்தைப் பார்ப்பர். அவற்றோடு அவ்வூரின் ஆரம்பப் பாடசாலையையும் பார்த்தல் வேண்டும் என்போம் நாம். வேலி ஒழுங்காக இருக்கின்றதா? கிணற்றுக்குக் கட்டு உண்டா? கூரை ஒழுகுகின்றதா? பிள்ளைகள் அமரும் வாங்குகளின் கால்கள் உறுதியாக நிற்கின்றனவா? இவற்றைக் கண்ட அளவிலேயே அவ்வூர்ப் பெற்றார் தம் மக்களின் கல்வியில் எத்துணைக் கருத்துடையர் என்பது ஒருவாறு புலப்பட்டுவிடும்.

இக்காலத்தில் பெற்றாரிடையே இருவகை மனப்பான்மை நிலவக் காண்கின்றோம். “பாடசாலை அரசாங்கத்தினுடையது, சம்பளம் வாங்கும் ஆசிரியர் இருக்கின்றனர், நமக்கென்ன?” என்பது ஒன்று. “கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டோம், இனி நமக்கென்ன?” என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வேறு வேறு போலத் தோன்றினும் முடிவில் ஒன்றே. இரண்டிலும் பெற்றார் பாடசாலைக்குப் புறத்தே நின்றுவிடுகின்றனர். உள்ளே நின்று உதவுவது எவ்வாறு என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். அதனைச் சிறிது ஆராய்வோம்.

முன்னோர் கண்ட வழி

ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய காலத்தில், அரசாங்கத்தின் துணையோ கடல்கடந்த நாடுகளின் பொருளோ அவருக்கு இருக்கவில்லை. மிஷன் பாடசாலைகளுக்கு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த சபைகள் பொருளுதவி செய்தன. சைவப் பாடசாலைகளுக்கோ ஊரார் ஒருவரே கதி. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டதன் பின்னர் உதவி நன்கொடை முறை விரிந்தது. ஆயினும் அந்நன்கொடை தானாகக் கிடைப்பதொன்றன்று. முதலிற் கட்டடம் வேண்டும், தளவாடம் வேண்டும், பிள்ளைகளின் வரவு வேண்டும், பரிசோதகர் வந்து பார்த்துத் திருப்தியடைதல் வேண்டும். இத்தனைக்கும் முற்பணம் இட வேண்டியவர் பாடசாலையை நடத்துவோரே.

1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியது. அதனை நடத்துவதிலே தம் வாழ்நாளைச் செலவிட்ட சு. இராசரத்தினம் அவர்களை ஊரார் ‘இந்து போர்ட் இராசரத்தினம்’ என்றே அழைத்தனர். அச்சங்கத்தின் ஆட்சியில் காலப்போக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடசாலைகள் இயங்கின. இத்துணைப் பாடசாலைகளும் ஊர்களில் வேரூன்றியமைக்குக் காரணம் ஒரு தலைவரின் முயற்சி மட்டுமன்று. ஒருவர் காணி கொடுத்தார். மற்றொருவர் பனைமரம் தறித்து வளையும் தீராந்தியும் கொடுத்தார். தென்னந்தோட்டக்காரர் கிடுகு கொடுத்தார். தச்சர் ஒருநாட் கூலியை விட்டுக்கொடுத்தார். ஒன்றுமில்லாதவர் தோள் கொடுத்தார். கூரை வேய்ந்த அன்றைக்கு அதன் கீழ் நின்ற எவரும் ‘இஃது எம் பள்ளிக்கூடம்’ என்று சொல்லத்தக்க உரிமையுடையராயினர்.

ஒரு பிடியின் கணக்கு

இவ்வாறான உதவிகளுள் மிகச் சிறியதும் மிகப் பெரியதும் பிடியரிசியே. கோயிற் பணிக்கும் மடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நம் ஊர்களிலே பிடியரிசி தண்டும் வழக்கம் இருந்தது. அதன் முறை எளிது. இல்லத்தரசி உலையில் இடுவதற்கு அரிசியை அளந்தெடுத்தவுடன், அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி, அதற்கெனத் தொங்கவிட்ட பனையோலைப் பெட்டியில் இடுவாள். கிழமைக்கு ஒருமுறை தொண்டர் வீடு வீடாக வந்து அதனைச் சேர்த்துச் செல்வர். சேர்ந்த அரிசியை விற்றுப் பணமாக்குவர்.

இதன் பயனைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பிடி 50 கிராம் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு பிடியானால் 30 நாட்களில் ஒரு வீட்டில் ஒன்றரைக் கிலோ சேரும். நூறு வீடுகளில் 150 கிலோ. ஓர் ஆண்டில் 1,800 கிலோ. எந்த வீட்டிலும் ஒருவர் பசி கிடந்ததில்லை, எவரும் கடன்பட்டதில்லை. ஆயினும் ஒரு சிறு பள்ளிக்கூடத்தின் வேலியும் கூரையும் கரும்பலகையும் அதனாலே காக்கப்படும். சிறு துளி பெருவெள்ளம் என்பது வெறும் பழமொழியன்று.

ஆயினும் பிடியரிசியின் சிறப்பு அதன் தொகையில் மட்டும் இல்லை. அதனை நான்காகப் பகுத்துக் கூறலாம். முதலாவது, செல்வர் வீட்டுப் பிடியும் ஏழை வீட்டுப் பிடியும் பெட்டிக்குள் விழுந்தபின் ஒன்றே; இன்னார் இவ்வளவு கொடுத்தார் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. இரண்டாவது, இயலாத நாளில் இடாது விட்டால் அதனை அறிவார் எவருமில்லை, கேட்பாரும் இல்லை. மூன்றாவது, அஃது ஆண்டுக்கொருமுறை நிகழும் ஆரவாரமன்று; நாள்தோறும் நிகழும் நினைவு. நான்காவது, அதனை இடுபவள் தாய். அடுப்படியிலே நின்று பிள்ளையின் படிப்பை நாளுக்கொருமுறை எண்ணிப்பார்க்கும் தாயை விடப் பாடசாலைக்கு வேறு காவல் எது?

இலவசக் கல்வியின் பின்

தாய்மொழிப் பாடசாலைகளிற் பெரும்பாலும் முன்னரே கட்டணம் இருந்ததில்லை. கல்வி மந்திரி கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 ஒக்டோபரில் ஆங்கிலப் பாடசாலைகளின் கதவும் ஏழைக்குத் திறந்தது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் வசமாயின. 1980 முதல் பாடநூல்களும், 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாக வழங்கப்படலாயின. இவற்றால் நம் நாட்டுப் பிள்ளைகள் பெற்ற நன்மை அளவிடற்கரியது. வறுமை காரணமாகக் கல்வியை இழந்த தலைமுறைகள் போய், வறுமையைக் கல்வியால் வென்ற தலைமுறைகள் தோன்றின.

எனினும் எந்த நன்மையுடனும் ஒரு குறை ஒட்டிக்கொண்டு வருதல் உலகியல்பு. சுமை அரசாங்கத்தின் தோளுக்கு மாறியபோது, ‘எம் பள்ளிக்கூடம்’ என்ற உரிமையுணர்வும் சிறிது சிறிதாகக் கைமாறியது. அரசாங்கம் சம்பளம் கொடுக்கும், நூல் கொடுக்கும். உடைந்த வாங்குக்கு ஆணி அடிக்கக் கொழும்பிலிருந்து ஆள் வருமா? மழையில் சாய்ந்த வேலியை நிமிர்த்தத் திணைக்களத்தின் அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருத்தல் தகுமா? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டமையை நாம் மறந்துவிடவில்லை. அரசாங்கத்தின் கை தளரும் காலமும் உண்டு. அந்நாளில் ஊரின் கை நீள வேண்டும்.

சிறு பாடசாலையின் தனிமை

இன்று நிதி திரட்டும் வழிகள் பல. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் சந்தா, களியாட்டு விழா, அதிர்ஷ்டச் சீட்டு, நடைபவனி, விழா மலருக்கு விளம்பரம் என அவை விரியும். இவற்றோடு பழைய மாணவர் சங்கங்களும் உள. 1983இன் பின் புலம்பெயர்ந்தோர் இலண்டனிலும் தொறொன்ரோவிலும் தாம் கற்ற கல்லூரிகளின் பெயராற் சங்கம் அமைத்து உதவுகின்றனர். அவர்தம் நன்றியுணர்வு போற்றத்தக்கது.

ஆனால் இங்கே ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். உயிரெழுத்தை எழுதக் கற்பித்தது ஊரிலுள்ள ஆரம்பப் பாடசாலை. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளை நகரக் கல்லூரிக்குச் செல்கின்றது. பின்னர் வளர்ந்து பெரியவனானதும் ‘நான் இன்ன கல்லூரியின் பழைய மாணவன்’ என்று பெருமை பேசுகின்றானேயன்றி, கைபிடித்து எழுதுவித்த சிறு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்வதில்லை. ஆதலால் கல்லூரிக்கு மண்டபமும் நீச்சற்குளமும் கிடைக்கின்றன; ஆரம்பப் பாடசாலைக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி கிடைப்பதே அரிதாகின்றது. கல்லூரியிற் கற்பிக்கும் நாமே இதனைக் கூறுகின்றோம்: அத்திவாரத்தை மறந்து கோபுரத்துக்குப் பொன் பூசுதல் அறிவுடைமையன்று. ஆரம்பப் பாடசாலைக்கு உற்றார் இன்று அங்கு பயிலும் பிள்ளைகளின் பெற்றார் மட்டுமே. அவர்களுட் பலர் நாட்கூலிக்குச் செல்வோர்.

கொடையும் தண்டமும்

கொடுப்பது கொடையாக இருக்கும்வரையே அது சிறக்கும். கட்டாயமானால் அது தண்டமாகிவிடும். பொதுக்கூட்டமொன்றில் ‘தலைக்கு இவ்வளவு’ என்று சிலர் முடிவு செய்கின்றனர். முன் வரிசையிலிருப்போர் கைதட்டுகின்றனர். கடைசி வாங்கிலிருக்கும் கூலித்தொழிலாளியின் மனைவி ஒன்றும் பேசாள். மூன்று பிள்ளைகளுக்கு மும்மடங்கு என்று அவள் மனம் கணக்கிடும். அடுத்த கூட்டத்துக்கு அவள் வாராள். அவள் வாராமையைக் கண்டு, ‘அக்கறையில்லாத தாய்’ என்று நாம் தீர்ப்பும் கூறிவிடுகின்றோம்!

அதனினும் கொடியது, கொடாதவர் பிள்ளைகளை வகுப்பிலே எழுப்பி நிறுத்துதலும், பெயரைப் பலகையில் எழுதுதலும், வீட்டுக்குப் போய்ப் பணம் கொண்டுவா என்று அனுப்புதலுமாம். ஏழு வயதுக் குழந்தைக்குப் பணத்தின் பெறுமதி தெரியாது. ஆனால் அவமானத்தின் பெறுமதி தெரியும். முதலில் வயிற்றுவலி என்று ஒருநாள் வீட்டில் நிற்கும். பின் இரண்டு நாள் நிற்கும். பின்னர் இடாப்பில் அதன் பெயருக்கு நேரே வரிசையாகக் குறிகள் விழும். சுவருக்கு வர்ணம் பூசுதற்காக ஒரு பிள்ளையின் படிப்பை விலையாகக் கொடுத்தோமாயின் அவ்வர்ணம் யார் பார்ப்பதற்கு? பணமின்மை காரணமாக எந்தப் பிள்ளையின் கல்விக்கும் தடை நேர்தலாகாது என்பதே இலவசக் கல்வியின் உயிர்நாடி. அதனைக் காப்பது அரசாங்கத்தின் கடன் மட்டுமன்று, சங்கங்களின் கடனுமாம்.

செய்யத்தக்கன சில

ஆதலால் பெற்றார் ஆசிரியர் கூட்டங்களை நடத்துவோர்க்குச் சிலவற்றை எடுத்துக் கூற விரும்புகின்றோம்.

முதலிலே தேவையைக் கூறுக. பின்பு தொகையைக் கூறுக. ‘அபிவிருத்திக்குப் பணம்’ என்றால் எவர் மனமும் இளகாது. ‘இரண்டாம் வகுப்பறையில் ஆறு வாங்குகள் உடைந்துள்ளன’ என்றால், பணம் இல்லாத தச்சரும் எழுந்து நிற்பார்.

தொகை குறிக்காது கேட்க. மூடிய உறையோ பூட்டிய உண்டியலோ வைத்தால், பிடியரிசிப் பெட்டியில் இருந்த நாகரிகம் அதிலும் இருக்கும். கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசித்தால் சிலர் மகிழ்வர், பலர் குறுகுவர்.

உழைப்பையும் கொடையாக மதிக்க. வேலியடைத்தல், வளவு துப்புரவாக்கல், மாணவர் உணவு சமைக்கும் தாய்மாருக்குத் துணைசெய்தல், வீட்டுத்தோட்டத்து மரக்கறியிற் சிறிது கொடுத்தல் ஆகியவற்றையும் கணக்கேட்டில் எழுதுக. பணம் கொடுத்தவருக்கு நன்றி கூறும் கூட்டத்தில் இவர்களுக்கும் நன்றி கூறுக.

கணக்கை யாவரும் காண வைக்க. வரவும் செலவும் எழுதிய தாள் ஒன்று மாதந்தோறும் அறிவித்தற் பலகையில் தொங்கினால், சந்திகளிலே எழும் முணுமுணுப்பில் முக்காற்பங்கு அடங்கிவிடும். ஒரு சதக் கணக்குத் தவறினும் ஒரு தலைமுறையின் நம்பிக்கை தவறிவிடும் என்பதை மறவற்க.

கூட்டத்துக்கு ஏற்ற நேரத்தைத் தேர்க. காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் கடலுக்குப் போனவரும் வயலுக்குப் போனவரும் எவ்வாறு வருவர்? வாராதவரைக் குறைகூறு முன், வரக்கூடிய நேரத்தில் அழைத்தோமா என்று எண்ணிப் பார்த்தல் முறை.

நேரத்திலும் ஒரு பிடி

இறுதியாக, பெற்றாரை நோக்கி ஒன்று கூறுவோம். பாடசாலைக்குப் பெற்றார் கொடுக்கக்கூடிய பொருள்களுள் மிக விலையுயர்ந்தது பணம் அன்று; நேரமே. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கெனப் பிள்ளையை மாலைதோறும் தனியார் வகுப்புக்கு ஏற்றி இறக்கும் பெற்றார், அப்பிள்ளை அன்று என்ன கற்றது என்று கேட்கப் பத்து நிமிடம் ஒதுக்குகின்றனரா?

‘எமக்கு எழுத்து வாசனை இல்லையே, யாம் என் செய்வோம்?’ என்று வருந்தும் தாய்மாரும் உளர். அவர்கள் வருந்த வேண்டியதில்லை. அடுப்படியில் அமர்ந்து, “இன்றைக்கு வாத்தியார் என்ன சொல்லித் தந்தவர்? எனக்கும் சொல்லு ராசா” என்று கேட்டாற் போதும். தாய்க்குக் கற்பிக்கப் புகும் பிள்ளை தான் கற்றதை இருமுறை கற்கின்றது. பேரனுக்குக் கதை சொல்லும் பாட்டி மொழி கற்பிக்கின்றாள். சந்தையிலே மீதிக்காசை எண்ணச் சொல்லும் தந்தை கணிதம் கற்பிக்கின்றார். கொப்பியைத் திறந்து சிவப்பு மையிட்ட இடத்தைக் காட்டச் சொன்னாலே, தன் படிப்பை வீட்டார் கவனிக்கின்றனர் என்பது பிள்ளைக்கு விளங்கிவிடும். தவணைக்கொருமுறை பாடசாலைக்குச் சென்று ஆசிரியருடன் ஐந்து நிமிடம் பேசினால், அவ்வாசிரியரும் அப்பிள்ளையைத் தனித்து நோக்குவார்.

நாளுக்கு ஒரு பிடி அரிசியாற் பள்ளிக்கூடங்களைக் காத்தவர் நம் பாட்டிமார். நாளுக்கு ஒரு பிடி நேரத்தை நம்மால் எடுத்துவைத்தல் இயலாதா? அடுத்த பெற்றார் கூட்டத்துக்கான அழைப்புக் கடிதம் பிள்ளையின் புத்தகப் பையில் வரும்போது, அதனை மடித்து அலுமாரியில் வைத்துவிடாமல், வேட்டியையோ சேலையையோ உடுத்துப் புறப்படுக. அடுத்த வீட்டாரையும் அழைத்துச் செல்க. கையிற் பணம் இல்லையே என்று தயங்கற்க. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைத் தொட்ட கை எதுவாயினும் அது தேரை இழுத்த கையே.